கோச் திட்டினால்தான் பிள்ளை ஓடுமா?

கோத்தகிரியிலிருந்து ஒரு அம்மா கேட்ட கேள்வி இது. மகளுக்கு 14 வயது. 800, 1500 மீட்டர் ஓடுகிறாள். ஒரு வருடமாகத் தனியார் கோச் ஒருவரிடம் பயிற்சி. இந்த வருடம் ஜோனலில் முதலிடம். ஆனால் கோச் வாயைத் திறந்தால் எருமை, தெண்டச்சோறு, அதைவிட மோசமான வார்த்தைகள். டைமிங் வராவிட்டால் தண்டனையாகக் கூடுதல் ரவுண்டு. பிராக்டிஸ் முடியும்வரை தண்ணீர் கிடையாது. ஒருமுறை விசில் கயிற்றால் காலில் அடித்திருக்கிறார். வீட்டுக்காரரோ, "அடியாத மாடு படியாது, ஜெயிச்சாளா இல்லையா?" என்கிறார். நிறுத்தினால் ஸ்போர்ட்ஸ் கோட்டா வாய்ப்பு போய்விடுமோ என்று அம்மாவுக்குப் பயம். என்ன செய்யலாம்?

முதலில் பதில், காரணங்கள் அப்புறம். அந்தக் கோச்சிடம் அனுப்புவதை நிறுத்துங்கள். ஓட்டத்தை நிறுத்தாதீர்கள்.

நான் குன்னூர் பக்கம் பிசியோதெரபிஸ்ட்டாக வேலை பார்க்கிறேன். ஓடுகிற பிள்ளைகள், பந்து ஆடுகிற பிள்ளைகள் மலையின் எல்லாப் பக்கத்திலிருந்தும் காலைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். முழங்காலுக்குக் கீழே, எலும்பின் உள்பக்க ஓரத்தைக் கட்டைவிரலால் மெதுவாக அழுத்திக்கொண்டே இறங்குவேன். "இங்கே வலிக்குதா?" என்று கேட்பேன். சில பிள்ளைகள் முகத்தைச் சுளித்து, "ஆ, அங்கதான் சார்" என்பார்கள். சில பிள்ளைகள் எனக்குப் பதில் சொல்வதற்கு முன்னால், கூட வந்து நிற்கிற கோச்சின் முகத்தைப் பார்ப்பார்கள். கால் தானாக இழுத்துக்கொள்ளும். வாய் மட்டும் "இல்ல சார்" என்று சொல்லும். எனக்குக் கவலை தருவது அந்த "இல்ல சார்"தான்.

உடம்பு கெடத் தொடங்கும்போது முதல் தகவல் எந்த மெஷினிலும் வராது. எலும்பில் மயிரிழை விரிசல் விட்டால் முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்-ரேயில்கூடப் பெரும்பாலும் தெரியாது. ஆனால் பிள்ளைக்குத் தெரியும், படி இறங்கும்போது சுருக்கென்று குத்தும். மூச்சு இழுப்பது, தலை கிறுகிறுப்பது, மாதவிடாய் தள்ளிப்போவது எல்லாம் இப்படித்தான். அவளாகச் சொன்னால்தான் வெளியே தெரியும். நாலு பேர் முன்னால் "நடிக்காதே" என்று ஒருமுறை வாங்கிக் கட்டிக்கொண்ட பிள்ளை அடுத்த முறை சொல்லாது. "கோச் தங்கமான மனுஷன், வாய்தான் கொஞ்சம் அப்படி" என்று பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். மனசு எப்படியோ இருக்கட்டும். அந்த வாய்க்குப் பயந்து பிள்ளை வலியை மறைக்கிறாளா என்று மட்டும் நான் பார்க்கிறேன்.

அமெரிக்காவின் மேரி கெய்னைப் பற்றி உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். உங்கள் மகள் ஓடுகிற அதே தூரங்கள்தான். 2013-இல், 17 வயதில், உலகத் தடகளச் சாம்பியன்ஷிப்பில் 1500 மீட்டர் இறுதிச் சுற்றில் ஓடியவர். நைக்கி நிறுவனத்தின் ஆரெகன் குழுவில் ஆல்பர்ட்டோ சலசாரிடம் பயிற்சி எடுத்தவர். பணத்துக்கும் வசதிக்கும் குறைவே இல்லாத இடம். எடையைக் குறை என்று விடாமல் நெருக்கினார்கள், மற்றவர்கள் முன்னால் எடை பார்த்து அவமானப்படுத்தினார்கள், மூன்று வருடம் மாதவிடாய் வரவில்லை, ஐந்து எலும்புகள் முறிந்தன என்று 2019 நவம்பரில் அவரே வெளியே வந்து சொன்னார். சலசார் குற்றச்சாட்டுகளை மறுத்தார். பாலியல் ரீதியாகவும் மனரீதியாகவும் அத்துமீறியதாக 2021-இல் அவருக்கு நிரந்தரத் தடை விதிக்கப்பட்டது.

ஓடிச் செலவாகிற அளவுக்குச் சாப்பாடு உள்ளே போகாதபோது உடம்பு முதலில் மாதவிடாயை நிறுத்திச் சிக்கனம் பிடிக்கும், கூடவே எலும்பும் பலம் இழக்கும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-இல் இதை ஒரு தனிப் பிரச்சினையாகவே எடுத்து மருத்துவ அறிக்கை வெளியிட்டது. அதனால் ஒன்றை மகளிடம் தனியாகக் கேளுங்கள்: கோச் அவள் எடையைப் பற்றிப் பேசுகிறாரா? மூன்று மாதமாக விலக்கு வரவில்லை என்றால் "ஓடுற பொண்ணுக்கு அப்படித்தான்" என்று விடாமல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

இனி நம் மலைக்கு வருகிறேன். சமவெளியில் எப்படியோ சமாளித்துவிடக்கூடிய ஒரு தவறு இங்கே உயிர் வரைக்கும் போகும்.

ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1968 ஒலிம்பிக் நடந்த மெக்சிகோ சிட்டியும் கிட்டத்தட்ட அதே உயரம். அங்கே 10,000 மீட்டரில் உலகச் சாதனை வைத்திருந்த ஆஸ்திரேலியாவின் ரான் கிளார்க் ஆறாவதாக வந்து, கோட்டைத் தாண்டியதும் நினைவிழந்து விழுந்தார். ஆக்சிஜன் கொடுக்க வேண்டியதாயிற்று. தங்கம் வென்ற கென்யாவின் நஃப்தாலி டெமு எடுத்ததே 29 நிமிடம் 27.4 விநாடி. கிளார்க்கின் உலகச் சாதனையோ 27 நிமிடம் 39.4 விநாடி. அவரைவிட உறுதியான ஓட்டக்காரரை அன்றைக்குக் காட்டுவது கஷ்டம். அங்கே அவரை வீழ்த்தியது காற்று.

இந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட 22, 23 சதவீதம் குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகிற ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைகிறது. கோத்தகிரி சில நூறு மீட்டர் தாழ்வு, அவ்வளவுதான். இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு உடம்பு ஓரளவு பழகியிருக்கும். ஆனாலும் ஒரு ஓட்டத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவே மூச்சு திரும்பக் கூடுதல் நேரம் வேண்டும். கோயம்புத்தூரில் எழுதிய அட்டவணையை, ஓய்வு நேரத்தைக்கூட மாற்றாமல், ஊட்டி எச்.ஏ.டி.பி. மைதானத்தில் அப்படியே ஓடவைப்பவர்கள் இருக்கிறார்கள். நாலாவது 400-இல் பிள்ளைகள் தளர்ந்தால் "திமிர்" என்று திட்டு விழும். தளர்வதற்கு அங்கே உடம்பு சார்ந்த நியாயமான காரணம் இருக்கிறது.

குளிரிலும் ஒரு சிக்கல் உண்டு. டிசம்பர், ஜனவரியில் புல்வெளியெல்லாம் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும்போது காலை ஆறு மணிக்கு ஓடவிட்டால், சில பிள்ளைகளுக்கு மூச்சுக்குழாய் இறுகும். இது ஓடும்போதைவிட, ஓடி நின்று ஐந்து பத்து நிமிடத்தில்தான் அதிகம் தெரியும். விஷயம் தெரியாத கோச் என்ன நினைப்பார்? ஓடும்போது வராத மூச்சுத்திணறல் உட்காரும்போது எப்படி வரும், சுத்த நடிப்பு என்றுதான் நினைப்பார். உடனே இன்னும் இரண்டு ரவுண்டு. வார்ம்-அப்பை நிதானமாக நீட்டி, டாக்டர் சொன்னால் ஓடுவதற்கு முன்னால் இன்ஹேலர் எடுத்தால் சரியாகப் போகிற விஷயம் இது. தண்ணீரும் அப்படித்தான். குளிரில் தாகம் தெரியாது, வேர்வையும் சட்டென்று காய்ந்துவிடும். ஆனால் வறண்ட காற்றில் வேகவேகமாக மூச்சு விடும்போது உடம்பிலிருந்து நீர் போய்க்கொண்டே இருக்கும். தண்ணீர் குடிக்க விடாமல் இருப்பதால் உடம்பு எந்தவிதத்திலும் பலப்படுவதில்லை. இதில் இரண்டாவது கருத்துக்கு இடமே இல்லை.

அடுத்தது அரிவாள் செல், அதாவது சிக்கிள் செல். ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள்போல வளைந்துபோகிற பரம்பரைக் குறை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் மலையில் பயிற்சி கொடுக்கிற பலர் இதை யோசிப்பதே இல்லை. இந்தியாவில் சிக்கிள் செல் முதன்முதலில் பதிவானதே 1952-இல், நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். இருளர், பணியர், குறும்பர் ஊர்களில் இன்றைக்கும் இது இருக்கிறது. கூடலூர், கோத்தகிரிப் பக்கம் ஆரோக்கியப் பணியாளர்கள் வருடக்கணக்காக இதற்காகவே ஊர் ஊராகப் போகிறார்கள். அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் அந்த மரபணு வந்தால் நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் 'டிரெய்ட்' என்பார்கள். டிரெய்ட் இருப்பவர் பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் இல்லாமல் இருப்பார். ஓடலாம், ஆடலாம், ஜெயிக்கலாம். அவரை மைதானத்திலிருந்து ஒதுக்கி வைப்பது பெரிய அநியாயம்.

ஆபத்து வருவது வேறு வழியில். இடைவெளி இல்லாமல், தண்ணீர் இல்லாமல், உடம்பு போதும் என்று சொன்ன பிறகும் விரட்டினால் சிவப்பணுக்கள் வளைந்து ரத்தக்குழாயை அடைக்கும், தசை சிதையத் தொடங்கும். உயரமான இடம் இந்த ஆபத்தைக் கூட்டும். அப்படிச் சாய்கிற பிள்ளை பல நேரம் தெளிவாகப் பேசிக்கொண்டே இருக்கும். தொடையும் காலும் பலமில்லாமல் போய்விட்டன என்று சொல்லும். பேசுகிறானே, எழுந்து ஓடட்டும் என்று பார்ப்பவருக்குத் தோன்றும். அந்த நிமிடத்தில் கோச் திட்டி எழுப்புகிறாரா, உட்காரவைத்து ஆம்புலன்ஸைக் கூப்பிடுகிறாரா என்பதில் ஒரு உயிர் இருக்கிறது.

அமெரிக்காவில் டேல் லாய்டு என்ற 19 வயதுப் பல்கலைக்கழக ஃபுட்பால் வீரர் 2006-இல் நூறு கஜ ஓட்டங்களைத் தொடர்ந்து 16 முறை ஓடவைத்த பயிற்சியில் விழுந்து மறுநாள் இறந்தார். டிரெய்ட் இருந்தது அதற்கு அப்புறம்தான் தெரிந்தது. 2008-இல் எரெக் பிளாஞ்சர், அவருக்கும் 19 வயது, அவரும் டிரெய்ட் உள்ளவர், ஃபுளோரிடாவில் ஒரு பயிற்சியின்போது விழுந்து இறந்தார். அந்தப் பல்கலைக்கழகத்தின் விளையாட்டு அமைப்பு அலட்சியமாக இருந்தது என்று 2011-இல் ஜூரி முடிவு சொன்னது. 2010 முதல் அங்கே பெரிய கல்லூரி அணிகளில் டிரெய்ட் இருக்கிறதா என்று பார்க்கிற பரிசோதனை நடைமுறைக்கு வந்துவிட்டது.

"மிலிட்டரியில் இப்படித்தானே" என்று நம் ஊரில் உடனே சொல்வார்கள். வெலிங்டன் பக்கத்திலேயே இருப்பதால் ராணுவப் பயிற்சிமேல் நமக்கெல்லாம் ஒரு மரியாதை உண்டு, எனக்கும் உண்டு. அதனால் ராணுவக் கணக்கையே சொல்கிறேன். அமெரிக்க ராணுவத்தில் 47,944 கறுப்பின வீரர்களின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2016-இல் ஒரு கட்டுரை வந்தது. டிரெய்ட் உள்ளவர்களுக்குத் தசைச் சிதைவு 54 சதவீதம் அதிகம், ஆனால் மரணம் அதிகமில்லை. அந்த ராணுவத்தில் தண்ணீர், ஓய்வு, படிப்படியாகக் கூட்டுவது ஆகியவை எல்லாருக்கும் கட்டாயம். கடுமையான பயிற்சிதான், ஆனால் முறையோடு நடக்கிற பயிற்சி. 14 வயதுப் பிள்ளைக்குத் தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கி வைத்துக்கொள்வதை அதோடு ஒப்பிடவே முடியாது.

தண்டனை ரவுண்டு எந்தப் பிள்ளைக்குமே ஆபத்துதான். பயிற்சி என்பது அளவு பார்த்துக் கொடுப்பது. கோபத்தில் கொடுக்கிறபோது அளவைக் கோபம் முடிவு செய்கிறது. 2011 ஜனவரியில் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில், விடுமுறை முடிந்து வந்த கையோடு நூறு ஸ்குவாட் உள்ளிட்ட கடும் பயிற்சி கொடுத்ததில் 13 வீரர்கள் தசைச் சிதைவோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்த, தேர்ந்த விளையாட்டு வீரர்கள் அவர்கள். அதனால் இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: கடும் பயிற்சிக்கு மறுநாள் தசை வலி தாங்க முடியாமல் இருந்து, சிறுநீர் கட்டஞ்சாயா (பால் விடாத டீ) நிறத்தில் போனால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சிறுநீரகம் கெட்டுப்போகும்.

சரி, உங்கள் வீட்டுக்காரர் கேட்டதற்கு வருகிறேன். ஜெயித்தாளே?

அவரை நான் தப்பாக நினைக்கவில்லை. "கண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்" என்று பிள்ளையை வாத்தியாரிடம் ஒப்படைத்த பழக்கம் நம்முடையது. எஸ்டேட்டில் இலை பறித்துப் பிள்ளையைப் படிக்கவைக்கிறவர்களுக்கு ஒரு கோட்டா சீட் என்பது சாதாரண விஷயமில்லை. அதோடு, திட்டினால் பலன் இருக்கிற மாதிரி கண்ணுக்கு நன்றாகவே தெரியும். கோச்களும் பொய் சொல்வதில்லை, அவர்கள் அதை உண்மையிலேயே பார்க்கிறார்கள். ஏன் அப்படித் தெரிகிறது என்று பார்ப்போம்.

உங்கள் மகள் 400 மீட்டரைச் சாதாரணமாக 72 விநாடியில் ஓடுவாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருநாள் தூக்கமில்லை, 76 ஆகிறது. கோச் கிழித்துத் தொங்கவிடுகிறார். மறுநாள் 73. பார்த்தீர்களா, திட்டினதும் மூன்று விநாடி குறைந்தது என்கிறார். இன்னொரு நாள் எல்லாம் கூடிவந்து 69 ஓடுகிறாள். கோச் பாராட்டுகிறார். மறுநாள் 72. பார்த்தீர்களா, புகழ்ந்தால் தலைக்கனம் என்கிறார். உண்மையில் இரண்டு முறையும் அவள் தன் வழக்கமான நேரத்துக்குத் திரும்பியிருக்கிறாள், அவ்வளவுதான். மிக மோசமான நாளுக்கு அடுத்த நாள் பெரும்பாலும் கொஞ்சம் நன்றாகத்தான் இருக்கும். மிக நல்ல நாளுக்கு அடுத்தது கொஞ்சம் இறங்கும். டேனியல் கானமன் என்ற உளவியலாளர், 2002-இல் நோபல் பரிசு வாங்கியவர், இஸ்ரேல் விமானப்படைப் பயிற்சியாளர்களிடம் இதே நம்பிக்கையைப் பார்த்தார். பாராட்டினால் அடுத்த முறை சொதப்புகிறார்கள், திட்டினால் தேறுகிறார்கள் என்று அவர்களும் சொன்னார்கள். அவர் கொடுத்த விளக்கமும் இதுதான். திட்டு எப்போதும் மோசமான நாளில்தான் விழுகிறது. அடுத்த நாளின் முன்னேற்றம் தானாக வந்து திட்டின் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. வருடக்கணக்காக மைதானத்தில் நிற்கிறவருக்கு இது அனுபவமாகவே படிந்துவிடும். வாதாடி மாற்றுவது கஷ்டம். அவளுடைய டைமிங்கை ஒரு நோட்டில் எழுதி வைத்து, வாரச் சராசரியைப் பாருங்கள். திட்டு வாங்கிய நாட்களைப் பக்கத்தில் குறித்து வையுங்கள். உங்கள் வீட்டுக்காரரே பார்த்துச் சொல்லட்டும்.

இன்னொன்று, நாம் கேட்பதெல்லாம் தாக்குப்பிடித்தவர்கள் சொல்கிற கதை. "எங்க சார் அடிச்ச அடியிலதான் நான் ஆளானேன்" என்று மேடையில் பேசுபவரோடு சேர்ந்து ஓடியவர்களில் பாதிப் பேர் எப்போதோ ஸ்பைக்ஸைக் கழற்றிவிட்டுப் போயிருப்பார்கள். அவர்களை யாரும் மேடைக்குக் கூப்பிடுவதில்லை. அமெரிக்காவில் 1954-இல் பேர் பிரையன்ட் என்ற புகழ்பெற்ற ஃபுட்பால் கோச், டெக்சஸ் மாநிலத்தின் ஜங்ஷன் என்ற ஊரில் கொளுத்துகிற வெயிலில் தண்ணீர்கூடக் கொடுக்காமல் நடத்திய முகாமை வீர காவியம்போலச் சொல்வார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் ஓடிப்போனார்கள், மிஞ்சியவர்கள் இரும்பானார்கள் என்று. அந்த அணி அந்த வருடம் ஆடிய பத்து ஆட்டங்களில் ஜெயித்தது ஒன்று, தோற்றது ஒன்பது. கதை சொல்பவர்கள் இரண்டு வருடம் கழித்துக் கிடைத்த வெற்றியைத்தான் சொல்வார்கள்.

ஆராய்ச்சிகளையும் பார்த்துவிடுவோம், எனக்குச் சாதகமானதை மட்டும் சொல்லக் கூடாது. அமெரிக்காவில் 23 பள்ளி, கல்லூரிக் கூடைப்பந்து அணிகளின் 304 இடைவேளைப் பேச்சுகளைப் பதிவு செய்து பார்த்தார்கள். 2019-இல் வெளிவந்தது. கோச் கொஞ்சம் கோபத்தோடு பேசிய ஆட்டங்களில் இரண்டாம் பாதி மேம்பட்டது உண்மைதான். ஆனால் கோபம் ஒரு அளவைத் தாண்டியதும் ஆட்டம் சரிந்தது. இது ஒரு ஆட்டத்தின் பாதி நேரத்துக்கான கணக்கு என்பதையும் மறக்க வேண்டாம். வருடக்கணக்கில் என்ன ஆகிறது? 2016-இல் வந்த இன்னொரு ஆய்வு அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து லீகில் 57 கோச்களையும் 693 வீரர்களையும் எடுத்துக்கொண்டது. வசைபாடும் கோச்சிடம் ஆடியவர்களின் ஆட்டத் திறன் குறைவாகவும் முரட்டுத்தனம் அதிகமாகவும் இருந்தது. வேறு கோச்சிடம் போன பிறகும் அந்தப் பாதிப்பு முழுசாக விடவில்லை. வளர்ந்த, கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குகிற ஆண்களுக்கே இப்படி.

நாட்டுக்கே இது வழக்கமாக இருந்த இடங்களும் உண்டு. ஜூடோ பிறந்த ஜப்பானில், தேசிய அணியின் 15 பெண்கள், கோச்கள் தங்களை அறைந்தார்கள், மூங்கில் வாளால் அடித்தார்கள் என்று புகார் கொடுத்தது 2013 தொடக்கத்தில் வெளியே வந்து, தலைமைக் கோச் விலகினார். அதற்கு முந்தைய லண்டன் ஒலிம்பிக்கில் அந்த நாட்டுக்கு ஜூடோவில் கிடைத்தது ஒரே ஒரு தங்கம். தென் கொரியாவில் சோய் சுக்-ஹியோன் என்ற 22 வயது டிரையத்லான் வீராங்கனை அணிக்குள் அடி, வசை என்று பல அலுவலகங்களில் புகார் கொடுத்துப் பார்த்தார். 2020 ஜூனில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருடைய கோச்சுக்கு மறு வருடம் ஏழு வருடச் சிறைத் தண்டனை விதித்தார்கள். அந்தப் பெண் பேசாமல் இருக்கவில்லை, பேசினார். கேட்கத்தான் ஆளில்லை. உங்கள் மகள் உங்களிடம் சொல்லியிருக்கிறாள், நீங்கள் கேட்டிருக்கிறீர்கள், அது பெரிய விஷயம்.

கண்டிப்பே வேண்டாம் என்கிறேனா? இல்லவே இல்லை. 2016 ரியோ ஒலிம்பிக்குக்கு முன்னால் பேட்மின்டன் கோச் கோபிசந்த், பி.வி. சிந்துவின் போனை மூன்று மாதம் வாங்கி வைத்துக்கொண்டார், ஐஸ்கிரீம்கூடக் கிடையாது. சிந்து வெள்ளியோடு வந்ததும் அவரே போனைத் திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னார். இதைவிடக் கண்டிப்பு என்ன வேண்டும்? ஆனால் அதில் அவமானம் இல்லை, உடம்புக்கு ஆபத்தும் இல்லை. அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் 12 வருடத்தில் பத்து முறை தேசியப் பட்டம் வென்ற ஜான் வுடன் பயிற்சியில் என்னதான் பேசுகிறார் என்று இரண்டு உளவியலாளர்கள் 1970-களின் நடுவில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தார்கள். 2,326 முறை அவர் வாய் திறந்ததில் ஏறத்தாழ முக்கால் பங்கு, எதை எப்படிச் செய்வது என்ற தகவல். பாராட்டும் குறைவு, கண்டனமும் குறைவு.

நம் மலைக்கு நெருக்கமான உதாரணம் கென்யாவில் இருக்கிறது. இட்டென் என்ற ஊர், ஏறத்தாழ 2,400 மீட்டர் உயரம், குளிர், செம்மண் பாதை. அயர்லாந்திலிருந்து 1976-இல் புவியியல் ஆசிரியராக வந்த கால்ம் ஓகானல் என்ற துறவி அங்கே ஒரு பள்ளியில் ஓட்டப் பயிற்சி கொடுக்கத் தொடங்கினார். தடகளத்தில் எந்தப் பின்னணியும் இல்லாதவர். பிள்ளைகள் ஓடுவதைப் பார்த்து, அவர்கள் சொல்வதைக் கேட்டுக் கற்றுக்கொண்டார். சத்தம் போடாத மனிதர் என்று பெயர். அவரிடம் வளர்ந்த டேவிட் ருடிஷா 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 800 மீட்டரை 1 நிமிடம் 40.91 விநாடியில் ஓடி உலகச் சாதனை படைத்தார். உங்கள் மகளின் தூரம்.

இப்போது செய்ய வேண்டியது. முதலில் மகளிடம் பேசுங்கள், அவள் அப்பா இல்லாத நேரத்தில், வேலையோடு வேலையாக. நிறுத்தப்போகிறோம் என்று ஆரம்பிக்காதீர்கள். ஓட்டம் போய்விடும் என்ற பயத்தில் எல்லாவற்றையும் மறைப்பாள். அடித்தது ஒருமுறைதானா, வேறு யாரை அடித்தார், தொட்டுப் பேசுகிறாரா, ராத்திரியில் மெசேஜ் அனுப்புகிறாரா, தனியாக வரச் சொல்கிறாரா என்று கேளுங்கள். இந்தக் கடைசிக் கேள்விகளைக் கூச்சப்பட்டு விட்டுவிடாதீர்கள். யாரிடமும் எதையும் சொல்லக் கூடாது என்று பழக்கப்பட்ட பிள்ளையிடம் வேறு விதமாக நடந்துகொள்வதும் சுலபம். 2021-இல் சென்னையில் ஒரு தடகளக் கோச் போக்சோ சட்டத்தில் கைதானபோது, வருடக்கணக்காக வாய் திறக்காத பெண்கள் வரிசையாக முன்வந்தார்கள்.

கயிற்றால் அடித்தது குற்றம். தன் பொறுப்பில் இருக்கும் குழந்தையை அடித்துத் துன்புறுத்தினால் சிறார் நீதிச் சட்டம் 2015-இன் 75-ஆம் பிரிவில் மூன்று வருடம்வரை சிறைத் தண்டனைக்கு இடமிருக்கிறது. 1098 என்ற இலவச எண்ணில் கூப்பிட்டுச் சொல்லலாம். உடனே போலீஸ் வரைக்கும் போகத் தயக்கமாக இருந்தால், அதே கோச்சிடம் பிள்ளையை அனுப்புகிற மற்ற அம்மாக்கள் இரண்டு மூன்று பேரிடமாவது பேசுங்கள். நீங்கள் மட்டும் விலகினால் "அந்தப் பொண்ணுக்குத் தெம்பு இல்லை" என்று கதை முடிந்துவிடும், மற்ற பிள்ளைகள் அங்கேயே இருப்பார்கள்.

அரசு ஆஸ்பத்திரியில் ஹீமோகுளோபின், இரும்புச் சத்து இரண்டையும் பாருங்கள். சிக்கிள் செல் பரிசோதனையும் கேளுங்கள். 2023 ஜூலையில் தொடங்கிய தேசியத் திட்டத்தில் பழங்குடிப் பகுதிகளில் 40 வயதுவரை எல்லாருக்கும் இந்தப் பரிசோதனை உண்டு. நீங்கள் எந்தச் சமூகமாக இருந்தாலும், அவளோடு அதே மைதானத்தில் ஓடுகிற பிள்ளைகளின் வீட்டிலும் சொல்லுங்கள். காலில் ஒரே இடத்தில் விரல் வைத்தால் வலிக்கிறது என்றால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு எங்களைப் போன்றவர்களிடம் காட்டுங்கள்.

புது கோச் தேடும்போது மெடல் அலமாரியைப் பார்க்காதீர்கள். ஒரு மாலை முழுக்க மைதான ஓரத்தில் நின்று பாருங்கள். கடைசியாக வருகிற பிள்ளையிடம் அவர் எப்படிப் பேசுகிறார், தண்ணீர் எங்கே வைத்திருக்கிறார், ஒரு பிள்ளை நடுவில் நின்றால் முதலில் என்ன கேட்கிறார் என்று கவனியுங்கள். பெற்றோர் வந்து பார்க்கக் கூடாது என்பவரிடம் சேர்க்கவே வேண்டாம்.

கோட்டா பற்றிய பயத்துக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். ஜோனல், மாவட்டம், மாநிலம் என்று போகிற பள்ளிப் போட்டிகளுக்குப் பெயர் கொடுப்பது பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர்தான், தனியார் கோச் இல்லை. கோட்டாவில் பார்ப்பது எந்த மட்டத்தில் என்ன இடம் வந்தாள் என்ற சான்றிதழை. ஜோனலில் முதலிடம் வந்திருப்பதால் மாவட்டப் போட்டிக்கான தகுதி அவள் பெயரில் இருக்கிறது. நாளைக்கே பள்ளிக்குப் போய் பி.இ.டி. ஆசிரியரைப் பாருங்கள். பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு, போட்டிவரைக்கும் பள்ளி மைதானத்திலேயே ஓட அனுமதி கேளுங்கள். முதல் சில வாரம் டைமிங் கொஞ்சம் இறங்கலாம். சோர்ந்திருந்த உடம்புக்கு அந்த ஓய்வு தேவை, அதைப் பார்த்து வீட்டுக்காரர் பழைய கோச்சுக்குப் போன் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.